குற்ற வரைபடமும் குடியிருக்கும் இடமும்

(தில்லியில் தமிழ் பேசும் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பை நான் தேடிப் பிடிக்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு கொண்டுவந்து கொடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு தோழர் பேசினார். இயக்கத்தில் என்னைவிட மூத்தவர். அவருடைய மகளுக்குத் தில்லியில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் பணி கிடைத்திருக்கிறது. இரவுப் பணியும் உண்டு. “எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம் தோழர்? எங்கே குற்றம் குறைவு என்று காட்டும் வரைபடமெல்லாம் இணையத்தில் கிடைக்கிறதாமே. அதைப் பார்த்து நீங்களே ஓர் இடத்தைச் சொல்லிவிடுங்கள்” என்றார். பிறகு சற்றே குரலைத் தாழ்த்தி, “ஜுக்கிப் பக்கமெல்லாம் வேண்டாம்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. இத்தகைய கேள்விகளை ‘நடுத்தர வர்க்கத்தின் அச்சம்’ என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது சரியான பழக்கமன்று. நள்ளிரவில் பணி முடித்து, மூன்று தெரு நடந்து வீடு சேரவேண்டிய ஒரு பெண்ணின் அச்சம் உழைப்பாளியின் அச்சம். அதற்கு நேரான விடை சொல்லவேண்டும். அந்த விடையைத் தேடிப் போனபோதுதான் அவருடைய முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் ஒரே நூலில் கோத்தவை என்பது எனக்குப் புரிந்தது.

முதலில், ‘குற்றத் தரவு’ என்பது யாது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்னும் அறிக்கையே நாடறிந்த மூலம். 1953ஆம் ஆண்டின் விவரங்களோடு தொடங்கிய வரிசை அது. காப்பகம் அமைக்கப்பட்டது 1986இல். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வறிக்கை பற்றிய கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக நான் தமிழாக்கி வந்திருக்கிறேன். ‘குற்றங்கள் இத்தனை விழுக்காடு கூடின’ என்றே எழுதிவந்தேன். ‘பதிவான வழக்குகள் கூடின’ என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. நடந்த குற்றத்துக்கும் பதிவான வழக்குக்கும் நடுவே ஒரு காவல் நிலையத்தின் வாயிற்படி இருக்கிறது. அதைத் தாண்டியவை மட்டுமே எண்ணிக்கையில் சேர்கின்றன. தாண்டியவற்றிலும், ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் கடுமையான ஒன்றை மட்டுமே காப்பகம் கணக்கில் கொள்கிறது.

வாயிற்படி என்றேனே, அது எல்லோருக்கும் ஒரே உயரமன்று. சில ஆண்டுகளுக்கு முன் பேருந்தில் என் கைப்பேசி களவு போயிற்று. காவல் நிலையத்தில், “திருடுபோயிற்று என்று எழுதாதீர்கள், தொலைந்துபோயிற்று என்று எழுதிக் கொடுங்கள், வேலை எளிதில் முடியும்” என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு குற்றம் அன்று புள்ளிவிவரத்திலிருந்து மறைந்தது. அதற்கு நானும் உடந்தை. ஆனால் கார் களவு போனவர் அப்படி எழுதித் தரமாட்டார். முதல் தகவல் அறிக்கை இல்லாமல் காப்பீட்டுத் தொகை வராது. ஆகவே வாகனத் திருட்டு ஏறத்தாழ முழுமையாகப் பதிவாகிறது. வீட்டுவேலை செய்யும் பெண்ணிடமிருந்து பறித்த கைப்பேசி பதிவாவதில்லை. கைது செய்தற்குரிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே தீரவேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று பெயர் மாறியிருக்கிறது. வாயிற்படி அப்படியே இருக்கிறது.

இதிலிருந்து ஒரு விந்தை பிறக்கிறது. குற்ற விகிதத்தில் கேரளம் ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கும். உத்தரப் பிரதேசமும் பீகாரும் அதற்கு வெகு பின்னால் நிற்கும். அட்டவணையை அப்படியே நம்பினால், மகளைக் கொச்சியிலிருந்து அழைத்துக்கொண்டு போய்ப் பீகாரில் ஒரு சிற்றூரில் குடிவைக்கவேண்டும்! கேரளத்தில் சாதாரண மனிதர் காவல் நிலையத்துக்குப் போய் வழக்குப் பதியச் சொல்ல முடிகிறது என்பதைத்தான் அந்த எண் பெரும்பாலும் சொல்கிறது. அதே அறிக்கையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், பதிவான வழக்குகளுள் குற்றப்பத்திரிகை தாக்கலான விகிதம் கேரளத்தில் 96 விழுக்காடு. நாட்டிலேயே அதுதான் உச்சம்.

அதே 2022 கணக்கை வைத்துத்தான் கொல்கத்தாவை ‘நாட்டின் மிகப் பாதுகாப்பான பெருநகரம்’ என்று நாளேடுகள் தலைப்பிட்டன. ஒரு லட்சம் மக்களுக்கு 86.5 வழக்குகள். அறிக்கை 2023 டிசம்பரில் வெளிவந்தது. 2024 ஆகஸ்ட் 9 அன்று அதே நகரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பணி நேரத்தில், ஓர் இளம் மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். தண்டனை பெற்றவர் காவல்துறையோடு இணைந்து பணியாற்றிய தன்னார்வலர். எந்த வரைபடத்தில் எந்த வண்ணம் தீட்டினால் அந்த அறை சிவப்பாகத் தெரிந்திருக்கும்?

தெருவை வரைவது எளிது தோழர்களே. சுவருக்கு உட்புறத்தை வரைய முடியாது. பெண்களுக்கு எதிரானவையாக 2022இல் பதிவான வழக்குகள் 4,45,256. இவற்றுள் மிகப் பெரிய பங்கு, ஏறத்தாழ 31 விழுக்காடு, கணவரும் அவருடைய உறவினரும் செய்த கொடுமை. வன்புணர்ச்சி வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவரே. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 விழுக்காட்டினரே யாரிடமாவது உதவி நாடினார்கள் என்கிறது. எஞ்சிய பெண்களின் வீடுகள் வரைபடத்தில் ஒரு புள்ளியும் இல்லாமல் தூய்மையாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2016 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் வெளியிடவேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் பாலியல் குற்றங்கள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பாதிக்கப்பட்டவரின் நலனைக் கருதினால் அவ்விலக்கும் நியாயமே. விளைவைப் பாருங்கள்: ஒரு தந்தை அந்தப் பக்கங்களை இரவெல்லாம் புரட்டி ஒரு வட்டாரத்தின் கணக்கைத் தாமே போட்டாலும், மோட்டார் சைக்கிள் திருட்டுகள் கண்ணில் படும். மகளுக்காக அவர் அஞ்சுகிற குற்றம் அங்கே இராது.

இனி அந்த ‘ஜுக்கி வேண்டாம்’ என்ற வாக்கியத்துக்கு வருகிறேன்.

தில்லிக் காவல்துறை இஸ்ரோவின் துணையுடன் குற்ற வரைபட அமைப்பு ஒன்றை உருவாக்கியது. ‘சிமேப்ஸ்’ என்பது அதன் சுருக்கப் பெயர். அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் அதன் முக்கிய உணவு. அழைப்புகள் செறியும் இடம் குற்றம் செறியும் இடமாகக் காட்சியளிக்கும். நாம் ஒரு கணம் நின்று யோசிப்போம். யார் காவல்துறையை அழைக்கிறார்கள்? தண்ணீர் லாரி வந்து நிற்கும்போது வரிசையில் சண்டை மூள்கிறது; அழைக்கிறார்கள். ஓர் அறை வீட்டில் கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான், சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்கிறது, அழைக்கிறார்கள். இங்கே மக்களுக்கு வழக்கறிஞரும் இல்லை, வாயிற்காவலரும் இல்லை, மேலிடத்து நண்பரும் இல்லை. மூன்று எண்களை அழுத்துவது ஒன்றே அவர்கள் கைக்கு எட்டிய அரசாங்கம். பங்களாவிலும் கணவன் அடிக்கிறான். சுவர் தடிமனாக இருக்கிறது. அதனால் குடிசைப் பகுதியில் புள்ளி கூடுகிறது. புள்ளி கூடியதால் ரோந்து கூடுகிறது. ரோந்து கூடினால் பிடிபடுவோர் கூடுவர்; புள்ளிகள் மேலும் கூடும். தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு போன்றது இந்தக் கணக்கு.

புள்ளி வைக்கிற கையின் மனம் எப்படிப்பட்டது என்பதற்கும் சான்று உண்டு. ‘காமன் காஸ்’ அமைப்பும் வளரும் சமூகங்கள் ஆய்வு மையமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட காவல்துறை நிலை அறிக்கையில், விடையளித்த காவலர்களில் ஏறத்தாழ இருவரில் ஒருவர், முஸ்லிம்கள் இயல்பாகவே குற்றம் செய்யும் நாட்டமுடையவர்கள் என்று ஓரளவேனும் கருதியிருக்கிறார்கள்.

பிறப்பையும் இடத்தையும் குற்றமாக்குவது நமக்குப் புதிதன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் முழுச் சமூகங்களையே பதிவேட்டில் ஏற்றியது. கைரேகைச் சட்டம் என்று நம் மக்கள் அழைத்த அதனை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் வீழ்ந்தன. 1952இல் அச்சட்டம் நீங்கியது. வழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் அவ்விடத்தில் அமர்ந்தன. 1934ஆம் ஆண்டின் பஞ்சாப் காவல் விதிகளின்படி வைக்கப்படும் பத்தாம் எண் கண்காணிப்புப் பதிவேடு தலைநகரின் காவல் நிலையங்களில் தொடர்ந்து வந்தது. வரைபடம் கணினியில் ஏறியதால் அது வானத்திலிருந்து விழுந்ததாகிவிடாது.

வெளிநாட்டு அனுபவத்தை ஒரு கை அளவுக்குச் சொல்லி நகர்கிறேன். 1889இல் சார்லஸ் பூத் இலண்டன் தெருக்களுக்கு வருவாய் வாரியாக வண்ணம் தீட்டினார். ஏழ்மையின் அடித்தட்டுக்குக் கறுப்பு; அங்கு வாழ்வோரை அரைக் குற்றவாளிகள் என்றே வரைபடக் குறிப்பில் எழுதினார். 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பில் காட்டியது. அந்தச் சிவப்புக்குள் வங்கிக் கடன் நுழையாமற் போயிற்று. அதே அமெரிக்காவில், வீடு விற்கும் நிறுவனமான ‘ரெட்ஃபின்’, தன் தளத்தில் அக்கம்பக்கக் குற்றத் தரவைச் சேர்ப்பதில்லை என்று 2021 டிசம்பரில் அறிவித்தது. ஒருவர் ஓரிடத்தில் பாதுகாப்பாக இருப்பாரா என்பதை அத்தரவு நம்பகமாகச் சொல்லாது, இனப் பிரிவினையை வளர்க்கும் என்பது அது சொன்ன காரணம். வீடு விற்றுப் பிழைக்கும் முதலாளித்துவ நிறுவனமே இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் குடியிருப்போர் நலச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் அவ்வளவு தூரம் வர இன்னும் நாளாகும்.

நம் நாட்டில் அரசே வரைந்த வரைபடம் ஒன்று யார் எங்கே வாழலாம் என்பதை நேரடியாகத் தீர்மானிக்கிறது. குஜராத்தின் கலவரப் பகுதிகள் சட்டத்தைச் சொல்கிறேன். 1991ஆம் ஆண்டுச் சட்டம். கலவர காலத்தில் அச்சுறுத்தி அடிமாட்டு விலைக்கு வீடுகளைப் பறிப்பதைத் தடுப்பதே அதன் சொல்லப்பட்ட நோக்கம். ஒரு பகுதி ‘கலவரப் பகுதி’ என அறிவிக்கப்பட்டால், அங்கே மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிச் சொத்தை விற்க முடியாது. நடைமுறையில், இந்துப் பகுதியில் முஸ்லிம் வீடு வாங்குவதைத் தடுக்கும் கருவியாக அது மாறிவிட்டது. 2002க்குப் பிறகு அகமதாபாத்தின் ஜுஹாபுராவில் மக்கள் மேலும் மேலும் நெருங்கி வாழ நேர்ந்ததை நாமறிவோம். முதலில் ஒதுக்குகிறார்கள், ஒதுங்கியவர்கள் நெருங்கி வாழ்ந்தால், அந்த நெருக்கத்தையே ஆபத்து என்று வரைபடத்தில் குறிக்கிறார்கள்.

தமிழ் படித்தவன் என்பதால் ஓர் இடைச்செருகலுக்கு இடம் கொடுங்கள். ‘சேரி’ என்ற சொல் முற்காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்ற அளவிலேயே நின்றது. பார்ப்பனச் சேரியும் உண்டு. ஆனால் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டிலேயே ‘தீண்டாச்சேரி’ என்ற சொல் வந்துவிடுகிறது. வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கும் அரசாங்க ஆவணம் அது. நிலத்தை அளந்தவர்களே மனிதர்களையும் அளந்து ஒதுக்கியிருக்கிறார்கள். இன்று ‘சேரி’ என்றால் எந்தப் பொருள் மனத்தில் எழுகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நம் சேரி ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். ஜங்க்புராவில், பாராபுல்லா கால்வாயோரம் இருந்த மதராசி கேம்ப். இங்கே இருப்பவர்களில் பலர் அங்கே போயிருக்கிறீர்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த இடம். பெண்கள் சுற்றுவட்டாரக் காலனிகளில் வீட்டுவேலை செய்தார்கள். பிள்ளைகள் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியில் தமிழ் படித்தார்கள். கால்வாயைத் தூர் வாரவேண்டும் என்ற உயர்நீதிமன்ற ஆணையின் பேரில் 2025 ஜூன் 1 அன்று ஏறத்தாழ 370 குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று அப்போது அறிவிக்கப்பட்டவை 189 குடும்பங்கள். அந்த வீடுகளும் நரேலாவில். நகரின் வட கோடி. மெட்ரோ இன்னும் எட்டாத இடம்.

அந்தக் கேம்பின் உள்ளே ஒரு பெண் இரவு பதினொரு மணிக்குத் தனியே நடந்து போகலாம். ஒவ்வொரு வாசலிலும் ஓர் அக்கா, ஓர் அத்தை உட்கார்ந்திருப்பார். அந்தப் பாதுகாப்பை எந்தக் கருவியும் அளந்ததில்லை. அளக்காததால் இடித்தபோது அது இழப்பாகவும் எழுதப்படவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது கால்வாயோரக் குடிசைகள், சிவப்புப் புள்ளிகள். ‘எங்கே குடியிருக்கலாம்’ என்று வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு சிலர். எங்கே குடியிருக்க வேண்டும் என்று வேறொருவர் பட்டியலைப் பார்த்துச் சொல்லக் கேட்பவர்கள் மற்றவர்கள். இந்த வேறுபாடுதான் வர்க்கம்.

புள்ளி வைத்தவன் கையிலேயே புல்டோசரும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 20 அன்று ஜஹாங்கிர்புரியில், உச்சநீதிமன்றம் தடை விதித்த பின்னும் இடிப்பு நிற்காதபோது, ஆணையின் நகலைக் கையில் ஏந்திப் புல்டோசர் முன் நின்றார் பிருந்தா காரத். அந்த ஜஹாங்கிர்புரியே நெருக்கடி நிலைக் காலத்தில் நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைக் கொண்டு உருவான குடியமர்த்தல் காலனி. ஒருமுறை துரத்தப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அது. குற்றம் சாட்டப்பட்டவரின் வீடு என்பதற்காக இடிப்பது சட்டவிரோதம் என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2024 நவம்பர் 13 வரை ஆயிற்று.

“இதெல்லாம் சரி தோழர், என் மகளுக்கு என்ன சொல்கிறீர்கள்?” அவர் இரண்டாம் முறை அழைத்தபோது இப்படித்தான் கேட்டார். நியாயம். நான் சொன்னதை இங்கும் சொல்கிறேன்.

நகர வாரியான ‘பாதுகாப்பான இடம்’ பட்டியல்களை மறந்துவிடுங்கள். காவல் நிலைய வாரியாகக் கணக்குக் கிடைத்தால், மொத்த எண்ணைப் பார்க்காமல் வகையைப் பாருங்கள். வாகனத் திருட்டு மிகுதி என்றால் அங்கே வாகனங்கள் மிகுதி என்று பொருள். வழிப்பறி மிகுதி என்றால் எந்த நேரத்தில், எந்தச் சாலையில் என்று கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கும், நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கும் உள்ள தூரத்தை முதலில் அளக்கவேண்டும். 2012 டிசம்பர் 16 அன்று அந்த மாணவி ஏறியது முனீர்க்கா நிறுத்தத்தில். அங்கே பொய்த்தது வட்டாரம் அன்று, பொதுப் போக்குவரத்து. வர்மா குழுவும் தெருவிளக்கையும் பொதுப் போக்குவரத்தையும் அழுத்திச் சொன்னது அதனால்தான்.

2013இல் தொடங்கிய ‘சேஃப்டிபின்’ முயற்சியைப் பாருங்கள். அது குற்றத்தை எண்ணுவதில்லை. விளக்கு எரிகிறதா, நடைபாதை உண்டா, சன்னல்களும் கடைகளும் தெருவை நோக்கித் திறந்திருக்கின்றனவா, பேருந்து பக்கத்தில் இருக்கிறதா, தெருவில் பெண்கள் நடமாடுகிறார்களா என்று பார்க்கிறது. அவர்கள் திரட்டிய விவரத்தைக் கொண்டு தில்லியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இருண்ட இடங்கள் அடையாளம் காணப்பட்டு, பலவற்றில் விளக்கு ஏற்றப்பட்டது. மனிதர்களைக் குறித்து வைக்கும் வரைபடம் விரட்டலில் முடிகிறது. அரசு செய்யத் தவறியதைக் குறித்து வைக்கும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நாம் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகலாம். வரைபடம் என்றாலே எதிரியின் கருவி என்று நம்மில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கெல்ஸ் மான்செஸ்டரைத் தெருத் தெருவாக நடந்துதான் 1845இல் தம் நூலை வெளியிட்டார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

இறுதியாக, அங்கே ஏற்கெனவே இரவுப் பணி செய்யும் செவிலியர்களைக் கேட்கச் சொன்னேன். இரவுப் பணிக்கு வாகனம் தருவது நிர்வாகத்தின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை, தந்தையின் வேலை அன்று என்றும் சொன்னேன். அதற்கு அவர் சிரித்தார். பழைய தொழிற்சங்கத் தோழர் அல்லவா.

அந்தப் பெண் இப்போது இரண்டு மலையாளச் செவிலியர்களோடு ஓர் அறை எடுத்திருக்கிறாள். அங்கீகாரம் பெறாத காலனி. தில்லியில் 1,731 காலனிகளுக்குச் சொத்துரிமை தருவதாக 2019இல் அறிவித்தார்களே, அவற்றில் ஒன்று. குறுகிய சந்து. முனையில் தேநீர்க் கடை நள்ளிரவுக்கு மேலும் திறந்திருக்கிறது. மருத்துவமனைக்கு நடந்து பன்னிரண்டு நிமிடம். தந்தை வந்து பார்த்தார். சந்தைக் கண்டதும் அவர் முகம் சற்றுச் சுருங்கியது. கடைக்காரர், “செவிலியர்களா? காலை ஐந்து மணிக்கு முதல் தேநீர் அவர்களுக்குத்தான்” என்றபோது கொஞ்சம் விரிந்தது. முழுக்க விரிந்தது என்று சொன்னால் அது பொய்.

வரும் ஞாயிறு மாலை நரேலா போகிறோம். மதராசி கேம்ப்பிலிருந்து போனவர்களைச் சந்தித்து, இருட்டிய பின் பேருந்து நிறுத்தத்திலிருந்து குடியிருப்பு வரை அவர்களோடு நடப்போம். எரியாத விளக்குகளைக் குறித்துக்கொள்வோம். பெண் தோழர்கள் அவசியம் வரவேண்டும். எது இருட்டு என்று அவர்கள்தாம் சொல்லவேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுங்கள். திரும்பிவரக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்துச் சொல்கிறேன்.